விடுதலைக்குப் பிறகும் அழியாத பதிவு

ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலோ வேறு அரசுப் பணியிலோ சேரவிருக்கும் இளைஞர் காவல்துறைச் சரிபார்ப்பைக் கடந்தாக வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தனியார் நிறுவனங்கள் சிலவும் இப்போது அதைக் கேட்கின்றன. மத்திய அரசுப் பணிக்கான படிவம், தண்டனை பெற்றதுண்டா என்பதோடு நில்லாமல், எப்போதாவது கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா என்றும் கேட்பதால், தெருச் சண்டை ஒன்றில் பெயர் சேர்க்கப்பட்டுப் பின்னர் விடுதலையானவரும் அந்தக் கேள்விக்கு முன் தயங்கி நிற்கிறார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய பதிவை அழிக்கவோ பொதுப் பார்வையிலிருந்து மறைக்கவோ நீதிமன்றத்தில் கோரலாம். இந்தியாவில் பெரியவர்களுக்கென அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை.

ஒரு கைதின் தடயம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., காவல் நிலையத்திலும் சி.சி.டி.என்.எஸ். என்னும் நாடு தழுவிய காவல்துறைக் கணினி வலையமைப்பிலும் இருக்கும். வழக்குக் கட்டு நீதிமன்றத்திலும், தீர்ப்பு பல வேளைகளில் இணையத்திலும் கிடக்கும். விரல்ரேகை, புகைப்படம் போன்றவற்றுக்கு மட்டும் தெளிவான விதி உண்டு: 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளித்தாலும், முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீட்டு வழிகள் முடிந்தபின் அவை அழிக்கப்பட வேண்டும் என்கிறது, நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டால் ஒழிய.

வழக்கே பொய்யானது அல்லது சட்டப்படி நிற்காதது என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 482) அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அக்கம்பக்கத்தார் தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் இரு தரப்பும் சமரசமானாலும் ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டென 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களுக்கு அது பொருந்தாது.

மிகக் கடுமையான கணக்கு காவலர் தேர்வில்தான் நடக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள் முகாமிட்டிருக்கும் ஆவடியில் அந்தச் சீருடையைக் கனவு காணும் இளைஞர்கள் ஏராளம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ள வேண்டும் என்று நியமன விதிகளின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் ஏற்றுக்கொண்டது. அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கத் தவறியதன் சுமையை விடுதலையானவரே வாழ்நாள் முழுதும் சுமப்பது நியாயமன்று. சாட்சிகள் பிறழ்ந்ததும், புலனாய்வு பிசகியதும் அவர் கையில் இருந்தவை அல்ல.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து பெயரை நீக்கக் கோரி விடுதலையான ஒருவர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, 2017இல் அடிப்படை உரிமையாக அறிவிக்கப்பட்ட அந்தரங்க உரிமையின் அடிப்படையில் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்புகள் பொது ஆவணங்கள் என்னும் கொள்கையும் தனிமனித மானமும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன.

சிறார் விஷயத்தில் மட்டும் சட்டம் தயங்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குற்றம் இழைத்த சிறாருக்கும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்றும், மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. கொடுங்குற்றத்துக்காக வயது வந்தவராகக் கருதி விசாரிக்கப்பட்ட 16 வயதைக் கடந்தவர் மட்டுமே விதிவிலக்கு. குற்றம் செய்த சிறாருக்கே கிடைக்கும் இந்த வழி, குற்றமே நிரூபிக்கப்படாத 19 வயது இளைஞருக்கு இல்லாதது நாடாளுமன்றம் தீர்க்க வேண்டிய குறை.

அதுவரை படிவத்தில் உண்மையை எழுதுவதே பாதுகாப்பான வழி. 2016இல் அவதார் சிங் வழக்கில், வழக்கின் தன்மையைப் பார்த்தே பணியளிப்பவர் முடிவெடுக்க வேண்டும் என்று நெறி வகுத்த உச்ச நீதிமன்றம், மறைத்ததையே தனிக் காரணமாக்கி நியமனத்தை ரத்து செய்யவும் இடமளித்தது. எனவே வழக்கு முடிந்த கையோடு, அம்பத்தூரோ பூந்தமல்லியோ, விசாரித்த நீதிமன்றத்திலேயே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்து பெற்று, அதன் ஒரு படியைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி, அங்குள்ள பதிவில் வழக்கின் முடிவு ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. வழக்கு நிலுவையில் இருப்பதாகவே காட்டும் பழைய பதிவு, சரிபார்ப்பு அறிக்கையிலும் அப்படியே வந்துவிடும்.