வயலில் நண்பன் எத்தனை, பகைவன் எத்தனை? கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர்

நெல் வயலில் நான்கு பூச்சிகளைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பல விவசாயிகளின் வழக்கம். ஆனால் வயலில் திரிபவை எல்லாம் பயிரைத் தின்பவை அல்ல. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, ஊசித்தட்டான் போன்றவையும் உண்டு. இரண்டு பக்கமும் சேராமல், தண்ணீரிலும் சேற்றிலும் மக்கும் பொருள்களைத் தின்று வாழும் சிறு பூச்சிகளும் ஏராளம். இம்மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே மருந்துச் செலவு கூடுவதும் குறைவதும்.

இந்தக் கலப்பை அளந்து, ஒரு வயலை மற்றொரு வயலோடு ஒப்பிடக் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் உள்ளன. நார்வேயில் உருவான ‘பாஸ்ட்’, அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கால்வெல் தயாரித்த ‘எஸ்டிமேட்எஸ்’, தைவானில் ஆன் சாவ் குழுவினர் தயாரித்த ‘ஐநெக்ஸ்ட்’ ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்காகச் செய்யப்பட்டவை என்றாலும், இவற்றின் அடிப்படைக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு இதுதான்

இரண்டு வயல்களில் தலா 100 உயிரினங்கள் எண்ணப்பட்டன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் 5 வகைகள். முதல் வயலில் புகையான் 80; மற்ற நான்கு வகைகள் தலா 5. இரண்டாவது வயலில் ஒவ்வொரு வகையும் 20. வகைகளை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

எட்வர்டு சிம்சன் என்பவர் 1949-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வகையின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் வயலில் 0.8 x 0.8 = 0.64. மற்ற நான்கும் சேர்ந்து 0.01. மொத்தம் 0.65. ஒன்றை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 1.5 வரும். இரண்டாவது வயலில் மொத்தம் 0.20, வகுத்தால் 5. அதாவது, முதல் வயலில் பெயருக்கு ஐந்து வகை இருந்தாலும், நடப்பது புகையானின் ஆட்சியே.

ஜாவா தீவு கண்ட பாடம்

இந்தோனேசியாவில் புகையானை ஒழிக்க மருந்தை அள்ளித் தெளித்தபோது புகையான் குறையவில்லை, பெருகியது. புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருக்க, வெளியில் இருந்த சிலந்திகளும் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மடிந்ததே காரணம். 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தெளிக்கக் கூடாது எனத் தடை செய்தது. 1989 முதல் உழவர்களே வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிப் பழகும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன.

ஜாவாவில் நடந்த ஆராய்ச்சி 1996-ல் வெளியாயிற்று. மக்கும் பொருளைத் தின்னும் பூச்சிகள் பருவத்தின் தொடக்கத்திலேயே பெருகுகின்றன. அவற்றைத் தின்று சிலந்தி முதலியவை முன்கூட்டியே வளர்ந்து, பகைப்பூச்சி வரும்போது தயாராக நிற்கின்றன என்று அது காட்டியது. பயிர் இளசாக இருக்கும்போதே தேவையின்றி மருந்து அடித்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

ஒப்பிடும்போது கவனம்

ஒரு வயலில் 10 குத்துகளையும் மற்றொன்றில் 50 குத்துகளையும் பார்த்தால், அதிகம் பார்த்த வயலில் வகைகளும் அதிகமாகத்தான் தெரியும். சம அளவு எண்ணியிருந்தால் எத்தனை வகை கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதே இந்தப் புரோகிராம்களின் முக்கியப் பயன். ஆயினும் தவறாக எண்ணிக் கொடுத்தால் கம்ப்யூட்டரும் தவறான விடையே தரும். மேலும், நண்பன் யார், பகைவன் யார் என்று அது அறியாது. பகைப்பூச்சிகளே பல வகையாக இருந்தாலும் எண் பெரிதாகவே வரும். எனவே எண்ணோடு பெயரையும் பார்ப்பது அவசியம்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

வரப்போரத்தை விட்டு, வயலின் மூலைக்கு மூலை நடந்து 20 குத்துகளைப் பார்க்கலாம். குத்தின் அடியை விலக்கி, மெதுவாகத் தட்டி, தண்ணீரில் விழுபவற்றையும் எண்ண வேண்டும். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே முறையில் எண்ணி, வகைவாரியாக நோட்டில் எழுதி வருவது நல்லது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசுப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்த்தவரே அறிவார். எண்ணுவதற்குச் செலவு அரைமணி நேரம்தான். மிச்சமாவது ஒரு தெளிப்புக்கான மருந்தும் கூலியும்.