சொந்த ஊரில் 1,285 ஓட்டில் தோற்ற காமராஜர்!

1967 சட்டமன்றத் தேர்தல். விருதுநகர் தொகுதி முடிவைக் கேட்டுத் தமிழ்நாடே திகைத்துப்போனது. தி.மு.க-வின் பெ.சீனிவாசன் 33,421 ஓட்டு, காமராஜர் 32,136. வித்தியாசம் வெறும் 1,285. ஒன்பதரை ஆண்டுகள் முதல்வராக இருந்தவர், டெல்லியில் இரண்டு பிரதமர்களைத் தேர்வுசெய்வதில் முன்நின்றவர், பிறந்த ஊரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றிருந்தார்.

அதற்கு முன் தேர்தலில் அவர் தோற்றதில்லை. 1937-ல், காராச்சேவுக்குப் பேர்போன சாத்தூரிலிருந்து போட்டியே இல்லாமல் சட்டமன்றம் போனார். 1941-ல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்து பொறுப்பேற்றவர், அந்தப் பதவிக்கு நேரம் ஒதுக்க முடியாது என்று உடனே விலகிவிட்டார். கட்சி வேலைதான் முக்கியம் என்று நினைத்தவர் அவர். 1946-ல் மீண்டும் சட்டமன்றம், பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.

1954 ஏப்ரலில் முதல்வரானபோது அவர் எம்.எல்.ஏ-வாக இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். சுலபமான வழி இருந்தது. அவருக்கு முன் முதல்வராக இருந்த ராஜாஜி, தேர்தலில் நிற்காமல் மேல்சபை நியமனம் மூலம் வந்தவர்தான். காமராஜர் அந்தப் பக்கமே போகவில்லை. சாதி பலமோ சொந்தபந்தமோ இல்லாத வடஆற்காட்டின் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்க்கட்சியான தி.மு.க வேட்பாளரை நிறுத்தவில்லை. பெரியாரும் ஆதரித்தார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தை இவர் கைவிட்டதும் ஒரு காரணம். ஜெயித்தார்.

1957, 1962 என இரண்டு முறையும் சாத்தூர் அவரைக் கைவிடவில்லை. அப்படிப்பட்டவர் 1967-ல் ஏன் தோற்றார்?

ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் தனிப்பட்ட கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1963-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் தானே துறந்து, அகில இந்தியத் தலைவராகிவிட்டார். இங்கே 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அரிசித் தட்டுப்பாடு வேறு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. பசித்த வீட்டில் அதைவிடப் பெரிய பிரசாரம் எது? அவரை எதிர்த்து நின்ற சீனிவாசனே அந்த மொழிப் போராட்டத்தில் வளர்ந்தவர். போதாக்குறைக்குப் பிரசார நேரத்தில் கார் விபத்தில் அடிபட்டு காமராஜர் படுக்கையில் கிடந்தார். அவர் மட்டுமல்ல, முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். ஆட்சியே கைமாறியது.

‘இனி அவ்வளவுதான்’ என்று பலரும் முடிவுகட்டினார்கள். நாகர்கோவில் எம்.பி. நேசமணி மறைந்ததால் 1969 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. காமராஜர் நின்றார். சொந்த ஊர் ஆயிரத்துச் சொச்சத்தில் கைவிட்டவரைக் குமரி மக்கள் லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் அனுப்பிவைத்தார்கள். 1971-ல் இந்திரா அலை. ஸ்தாபன காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவை இடம், நாகர்கோவிலில் அவருடையது.

1975 அக்டோபர் 2-ல் மறைந்தபோதும் அவர் நாகர்கோவில் எம்.பி-தான். பத்து ஆண்டுகள் கழித்து ராமநாதபுரத்திலிருந்து புதிய மாவட்டம் பிரிந்தபோது, சாத்தூர், சிவகாசி, விருதுநகர் எல்லாம் சேர்ந்த அந்தப் பகுதிக்குக் காமராஜர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்த 1997-ல்தான் அது விருதுநகர் மாவட்டம் ஆனது.