குழந்தையின் கல்லீரலில் கட்டி: மாற்று ஈரல் எப்போது?

குழந்தையைக் குளிப்பாட்டும்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டால், 'ஈரல்குலைக் கட்டியாக இருக்கும், நாட்டு மருந்து கொடு' என்கிறார்கள் பெரியவர்கள். அன்பு கூர்ந்து அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மாற்று ஈரல் தேவைப்படாது. எதற்குத் தேவை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ஹெபடோபிளாஸ்டோமா

சிறு குழந்தைகளின் கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வருகிறது. ஸ்கேனில் கட்டி தெரியும். ரத்தத்தில் 'ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்' மிகவும் உயர்ந்திருக்கும். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு இந்த அளவு இயல்பாகவே அதிகம் என்பதால், வயதை வைத்தே டாக்டர் முடிவு சொல்வார்.

முதலில் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு கட்டியுள்ள பகுதியை மட்டும் அறுத்து எடுப்பார்கள். மிச்சமுள்ள ஈரல் வளர்ந்துவிடும். பல குழந்தைகளுக்கு இதுவே போதும்.

டாக்டர்கள் கல்லீரலை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். மருந்துக்குப் பிறகும் நான்கிலும் கட்டி பரவியிருந்தால், அல்லது முக்கிய ரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டிருந்தால், ஈரல் முழுவதையும் எடுத்துவிட்டு மாற்று ஈரல் வைப்பதே வழி. நுரையீரலுக்குப் பரவிய கட்டி இருந்தால் முதலில் அதை நீக்கியாக வேண்டும்.

'முதலில் வெட்டிப் பார்ப்போம், முடியாவிட்டால் மாற்று ஈரல்' என்று போவது நல்லதல்ல. கட்டி மீதமாகி, பிறகு மாற்று ஈரல் வைத்த குழந்தைகளைவிட, முதலிலேயே வைத்த குழந்தைகளே அதிகம் பிழைத்திருக்கிறார்கள். ஆகவே சிகிச்சை தொடங்கும்போதே மாற்று ஈரல் நிபுணரின் யோசனையையும் கேட்டுவிட வேண்டும்.

ரத்தக் குழாய்க் கோளாறுகள்

ஹெமாஞ்சியோமா என்பது ரத்தக் குழாய்கள் திரண்ட கட்டி. இது புற்றுநோயல்ல, பெரும்பாலும் தானாகவே சுருங்கும். தோலில் வரும் இவ்வகைக் கட்டிகள் ப்ராப்ரனலால் என்ற மருந்துக்கு அடங்குவதை 2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஈரலில் உள்ளவற்றுக்கும் அது பயன்படுகிறது. ஈரல் முழுதும் பரவி, இதயம் களைத்து, மருந்துக்கும் அடங்காத மிகச் சில குழந்தைகளுக்கே மாற்று ஈரல்.

இன்னொன்று அபர்நெத்தி கோளாறு. குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் குறுக்கு வழியில் இதயத்துக்குப் போய்விடும். அம்மோனியா ஏறி மூளை மந்தமாகும், மூச்சு வாங்கும், ஈரலில் கட்டிகளும் வரும். குறுக்கு வழியை அடைக்க முடிந்தால் அடைப்பார்கள். முடியாதபோதுதான் மாற்று ஈரல்.

யார் கொடுப்பது?

சிறு குழந்தைக்கு முழு ஈரல் தேவையில்லை. தாயோ தந்தையோ இடப்பக்கத்துச் சிறு பகுதியைக் கொடுத்தால் போதும். ரத்த வகை பொருந்த வேண்டும். கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஆனாலும் அது பெரிய ஆபரேஷன். ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவில் குழந்தைக்குச் செய்த முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று 1998 நவம்பரில் டில்லியில் நடந்தது. குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. ஈரல் கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரும் ஆகிவிட்டார்!

காகிதங்கள் தயாரா?

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் உறுப்பு தரலாம். 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் சேர்த்தது. உறவைச் சான்றுகளால் நிரூபிக்க வேண்டும். இங்கேதான் நமக்குச் சங்கடம். ஒரு சான்றிதழில் 'எஸ்.முருகன்', இன்னொன்றில் 'முருகன் சுப்பையா', குழந்தையின் பிறப்புச் சான்றில் வெறும் 'முருகன்' என்றிருந்தால், இனிஷியல் பழக்கம் தெரியாத அதிகாரி மூவரா ஒருவரா என்று கேட்பார்.

மருந்து முடிந்தபின் மாற்று ஈரலைப் பொதுவாக நான்கு வாரங்களுக்குள் வைக்க வேண்டும். தாமதித்தால் கட்டி மீண்டும் வளரக்கூடும். எனவே மருந்து நடக்கும் மாதங்களிலேயே திருமணப் பதிவு, பிறப்புச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

குடும்பத்தில் யாருடையதும் பொருந்தாவிட்டால், இறந்தவர் தரும் ஈரலுக்குப் பதிவு செய்யலாம். வசிப்பிடச் சான்று நிபந்தனையை நீக்கும்படி 2023-இல் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

பிறகு?

புதிய ஈரலை உடல் தள்ளிவிடாமலிருக்க, டேக்ரோலிமஸ் போன்ற மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்டே போட வேண்டும். ஜுரம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

1967-இல் அமெரிக்காவில் டாக்டர் ஸ்டார்ஸல், ஈரல் புற்றுநோய் வந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாற்று ஈரல் வைத்தார். ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தபின் நோய் திரும்பி அக்குழந்தை இறந்தது. இன்றோ, ஹெபடோபிளாஸ்டோமாவுக்காக மாற்று ஈரல் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அப்படியொரு குடும்பம் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே சிகிச்சைக்கு வந்தால், ரத்தம் கொடுக்கவும், மொழி தெரியாத தாய்க்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நிற்கவும் நம்மால் முடியும். அதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை.