வீட்டுச் சுத்தத்திற்கு உதவும் எளிய பொருள்கள்: பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு, சாம்பல்

விதை, எரு, ஆள் கூலி, மாட்டுத் தீவனம் ஆகியவற்றின் செலவைக் கணக்கெழுதிப் பார்க்கும் குடியானவர்கள் அநேகர். பாத்திரம் துலக்கவும், துணி வெளுக்கவும், தலை முழுகவும், தரை கழுவவும் கடையில் வாங்கும் சாமான்களுக்குக் கணக்கெழுதுவோர் வெகு சிலரே. அச்செலவு சில்லறையாகக் கழிந்துபோவதால் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆனால் இவ்விஷயத்தில் பணச் செலவைக் காட்டிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று உள. அச்சாமான்களை நாள்தோறும் கையாளும் பெண்டிரின் தேக சுகம் ஒன்று. அவற்றைக் கழுவிய ஜலம் சென்று சேரும் நிலத்தின் தன்மை மற்றொன்று. அந்த ஜலம் வடிந்து இறங்கும் குட்டை, கிணறு ஆகியவற்றின் தூய்மை மூன்றாவது. வேலியோரத்திலும் அடுப்படியிலும் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இவ்வேலைகளில் பெரும்பாகத்தைச் செய்துகொள்ளக் கூடும். எந்தப் பொருள் எவ்வேலைக்குத் தகும், எதற்குத் தகாது என்பதை இங்கு விவரிப்போம்.

அழுக்கு நீங்கும் விதம்

துணியிலும் பாத்திரத்திலும் படியும் அழுக்கு பெரும்பாலும் எண்ணெய்ப் பசையுடன் கலந்த தூசியே. எண்ணெயும் ஜலமும் சேராவாகையால், வெறும் ஜலத்தால் அலசினால் அது போகாது. எண்ணெயை ஒரு புறமும் ஜலத்தை மற்றொரு புறமும் பற்றிக்கொள்ளும் ஒரு பொருள் இடையில் இருக்க வேண்டும். சோப்பு இவ்வேலையைச் செய்கிறது. எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் சேரும்போது சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. பூந்திக்கொட்டை, சீயக்காய் முதலியவற்றிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருளும் இதே வேலையை இயல்பாகவே செய்கிறது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. நமது மாவட்டங்களில் அநேக கிணறுகளின் ஜலம் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீராகும். இந்நீரில் சோப்பைக் கரைத்தால் நுரை எழும்பாமல் வெள்ளைக் கசடாகத் திரண்டு, சோப்பில் ஒரு பங்கு வீணாகிறது. சப்போனின் அவ்வாறு கசடாகத் திரளுவதில்லை. ஆகையால் கடின நீருள்ள ஊர்களில் பூந்திக்கொட்டையின் உபயோகம் அதிகமாகும்.

பூந்திக்கொட்டை

பூவந்தி, மணிப்புங்கு என்றும் இதற்குப் பெயர் உண்டு. நுரை தருவது உள்ளேயிருக்கும் கருநிறக் கொட்டையன்று. அதை மூடியிருக்கும் சதைப்பற்றான தோலேயாகும். பழங்களை உலர்த்திக் கொட்டையை நீக்கித் தோலை மாத்திரம் ஈரம் படாத பாத்திரத்தில் வைத்தால் ஒரு வருஷத்திற்கும் மேல் கெடாது.

செய்முறை: தோல் 100 கிராம் எடுத்து ஒன்றரை லிட்டர் ஜலத்தில் இரவு முழுவதும் ஊறவைக்கவும். காலையில் அதே ஜலத்துடன் கால் மணி நேரம் இளந்தீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்டவும். இக்கஷாயத்தைத் தேங்காய் நாரில் தோய்த்துப் பாத்திரம் துலக்கலாம். துணிகளை இதில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி அலசலாம். பிழிந்த சக்கையும் வீணன்று; அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்க உதவும், பிறகு எருக்குழியிற் சேரலாம். கஷாயம் இரண்டு மூன்று நாட்களில் புளித்துப்போகுமாதலால் வேண்டிய அளவே காய்ச்சிக்கொள்வது சிலாக்கியம்.

பட்டும் கம்பளியும் பிராணிகளிடமிருந்து கிடைப்பவை. காரம் பட்டால் இழை நைந்துபோகும். ஆகவே அவற்றிற்குச் சாதாரண சோப்பைவிடப் பூந்திக்கொட்டையே ஏற்றது. பொன், வெள்ளி நகைகளைத் துலக்கத் தட்டார்கள் இதனையே உபயோகித்து வந்திருக்கின்றனர். எனினும் இதில் சோப்புத் தூளைப்போல் மிகுந்த நுரையை எதிர்பார்க்கலாகாது. நுரை குறைவாயிருப்பதனால் அழுக்கு போகவில்லை என்று கருதுவது தவறு. எண்ணெய்க் கறை ஊறிய வெள்ளை வேஷ்டிக்கு இது போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சோப்பும் வெந்நீருமே தகுந்தவை.

சீயக்காயும் அரப்பும்

சீயக்காய் மலைச்சாரல்களில் படரும் முட்கொடியின் காய். அரப்பு என்பது வறண்ட நிலத்தில் வளரும் உசில் மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்த தூள். இரண்டும் தலை முழுகச் சிறந்தவை. சோப்பு காரத்தன்மை உள்ளது. சீயக்காயோ சற்றே புளிப்புத்தன்மை உடையது. ஆதலால் அது தலைமயிரை வறளச் செய்வதில்லை. தூளை வெந்நீரில் அல்லது வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்துக்கொள்வது வழக்கம். இடிக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கிலும் வாயிலும் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நலம். அத்தூள் சுவாசத்தில் ஏறினால் தும்மலும் இருமலும் உண்டாகும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கண்ணில் பட்டால் எரிச்சல் மிகும். உடனே குளிர்ந்த நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும்.

சாம்பல்

சாம்பல் ஒரே தன்மையானதென்று எண்ணுதல் கூடாது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து அதில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. உமிச் சாம்பலில் பெரும்பாகம் சிலிகாவே. அது மணலைப்போல் உரசி அழுக்கை எடுக்கும். ஆதலால் பிசுக்கேறிய பாத்திரத்திற்கு விறகுச் சாம்பலும், கரிபிடித்த இரும்புச் சட்டிக்கு உமிச் சாம்பலும் தகுதியாகும். எதனையும் மெல்லிய துணியில் சலித்துக் கல், கரித்துண்டு இவற்றை நீக்கியபின் உபயோகிக்கவும்.

மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, பிளாஸ்டிக் பைகள், வர்ணம் பூசிய பலகைகள், பழைய டயர்கள் ஆகியவை எரிந்த அடுப்பின் சாம்பல் பாத்திரத்திற்கும் ஆகாது, எருவிற்கும் ஆகாது. நிலக்கரிச் சாம்பலும் அவ்வாறே. இரண்டாவது, சாம்பலை ஊறவைத்துத் தெளிந்த காரநீர் கையைப் புண்ணாக்கக் கூடியது; கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கலாகாது. மூன்றாவது, அலுமினியப் பாத்திரத்தைக் காரமும் அரிக்கும், புளிப்பும் அரிக்கும். அதற்குப் பூந்திக்கொட்டைக் கஷாயமும் தேங்காய் நாருமே போதும்.

புளியும், எலுமிச்சையும், சோடாவும்

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் படியும் கறுப்பும் பச்சைக் களிம்பும் எண்ணெய் அழுக்கல்ல. உலோகம் காற்றுடனும் ஈரத்துடனும் சேர்ந்து மாறிய பொருளாகும். அது சோப்பிற்குப் போகாது, புளிப்பிற்குக் கரையும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் இதைச் செய்கின்றன. சாறு பிழிந்த எலுமிச்சை மூடியில் சிறிது உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். தேய்த்தபின் நன்றாக அலசித் துடைத்துவிட வேண்டும். செம்பைக் கரைக்கும் இதே குணத்தினால்தான் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வைக்கலாகாது என்கிறோம்.

சலவைச் சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு. முன்னது கடின நீரை மென்மையாக்கிச் சோப்பின் வீண் செலவைக் குறைக்கும். ஆனால் கையை வறட்டும். பின்னது மிருதுவானது, துர்நாற்றத்தைப் போக்கவும் கறையை மெல்ல உரசி எடுக்கவும் உதவும். ஆப்பச் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி நுரைப்பதைக் கண்டு, அது மிகுந்த சக்தியுள்ளதென்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, இரண்டின் பயனும் குறைந்துவிடுகின்றன. ஒன்றை உபயோகித்து அலசியபின் மற்றதை உபயோகிப்பதே முறை.

கழுவிய ஜலத்தின் போக்கு

இது நில உடைமையாளர் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய பகுதி. சோப்பிலும் சலவைச் சோடாவிலும் சோடியம் இருக்கிறது. சலவை ஜலத்தைப் பல வருஷம் ஒரே பாத்தியில் விட்டுவந்தால் களிமண்ணின் துகள்கள் பிரிந்து, மண் கட்டமைப்பு குலைந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் மாறும். ஜலம் உள்ளே இறங்காது. களர் நிலம் உண்டாகும் வழியும் இதுவே. அவ்வாறு கெட்ட மண்ணைத் திருத்த ஜிப்சம் இட்டு நல்ல நீரால் கழுவி வடிக்க வேண்டியிருக்கிறது. அதன் செலவை அறியாத மிராசுதார் இரார். விறகுச் சாம்பல் கலந்த ஜலத்திலோ பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்து உண்டு. ஆயினும் ஏற்கெனவே களராயுள்ள நிலத்தில் அதனையும் விடலாகாது. பூந்திக்கொட்டை ஜலம் மண்ணில் சிதைந்து மறைந்துபோகும். எந்த ஜலமாயினும் வாழை, கல்வாழை, சேம்பு இவற்றிற்கு இடத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சுவதும், கீரைப் பாத்திக்கு விடாதிருப்பதும் நல்லது.

சலவைத் தூள்கள் சிலவற்றில் பாஸ்பேட் சேர்ந்துள்ளது. பாஸ்பேட் என்பது நாம் மணிச்சத்து என்று நிலத்துக்கு இடுவதேயாகும். வயலில் வரவேற்கத்தக்க அச்சத்து குட்டையிற் சேர்ந்தால் தீமை செய்கிறது. கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானியும் அவரது கூட்டத்தாரும் 226 என்ற எண்ணுள்ள ஏரியை ஒரு திரையினால் இரு பாகமாகப் பிரித்தனர். ஒரு பாகத்தில் கரிச்சத்தும் தழைச்சத்தும் மாத்திரம் இட்டனர். மறுபாகத்தில் அவற்றுடன் மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்து இட்ட பாகம் பாசி படர்ந்து பச்சையாயிற்று. மற்றப் பாகம் தெளிவாகவே இருந்தது. நமது குட்டைகளில் பாசி மூடிய பின் விடியற்காலையில் மீன் செத்து மிதப்பதற்கும், பாசி இரவில் பிராணவாயுவை உட்கொண்டு தீர்த்துவிடுவது ஒரு காரணமாகும்.

இயற்கைப் பொருளெல்லாம் குட்டைக்குத் தீங்கற்றவை என்றும் கொள்ளலாகாது. சப்போனின் மீனின் செவுள்களைக் கெடுத்து மீனைக் கொல்லும். பூந்திக்கொட்டைக் கஷாயத்தையோ அதன் சக்கையையோ மீன் வளர்க்கும் குட்டையில் கொட்டுவது கூடவே கூடாது.

செய்யத் தகாதவை

அழுக்கு நீங்குவது வேறு, நோய்க் கிருமி அழிவது வேறு. எலுமிச்சையும், பூந்திக்கொட்டையும், ஆப்பச் சோடாவும் முதல் வேலைக்கே உரியவை. சாணம் மண்தரையின் புழுதியை அடக்குமேயன்றிக் கிருமிநாசினி ஆகாது. அதைப் புண்ணில் வைப்பது ரண ஜன்னிக்கு இடமாகும். வாந்திபேதி கண்ட வீட்டின் துணிகளை வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். மலம் கழித்த பின்னும் உண்பதற்கு முன்னும் கையைச் சோப்பினால் கழுவ வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தகாது.

குடிநீர்க் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடரே தக்கது. ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் என்பது பொதுவான அளவு. 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் ஆழ நீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 28,000 லிட்டர் ஜலம் இருக்கும். அதற்கு 70 கிராம் வேண்டும். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்தே ஜலம் இறைக்கலாம்.

இப்பவுடரைக் கக்கூஸ் கழுவும் அமிலத்துடனோ, எலுமிச்சை, காடி இவற்றுடனோ ஒருபோதும் கலக்கலாகாது. அவ்வாறு கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்தாகும். மூத்திரம் தேங்கிய இடத்தில் இதைக் கொட்டினாலும் மூச்சைத் திணறடிக்கும் வாயு உண்டாகும். அமிலம், காரநீர், பூச்சிமருந்து ஆகியவற்றைக் குடிதண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். பாட்டிலைக் கண்ட குழந்தை அதைத் தண்ணீர் என்றே நம்பும்.

கிராம அதிகாரிகளும் குடியானவர்களும் செய்யத்தக்கவை

பூவந்தி மெல்ல வளரும் மரம். காய்ப்பதற்குப் பல வருஷங்கள் செல்லும். ஆகவே இன்று நடுவோர் தம் மக்களுக்காகவே நடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழியெடுத்து வரப்போரத்தில் இரண்டு கன்றுகளும், புன்செய்ப் பொட்டலில் இரண்டு உசில் கன்றுகளும் ஆடு கடிக்காதபடி வேலி கட்டி வைத்தால் ஒரு குடும்பத்தின் பிற்காலத் தேவைக்கு உதவும். குட்டைக்கரை, புறம்போக்கு இவற்றில் மரம் நடும்போது கிராம அதிகாரிகள் இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். குடிநீர்க் கிணற்றடியில் துணி துவைப்பதைத் தடுத்து, சலவைக் கல்லைத் தள்ளி அமைத்து, அந்த ஜலம் வாழைத் தோட்டத்திற்கு வடியும்படி வாய்க்கால் வெட்டுவது செலவு குறைந்த காரியம். அதன் பலனோ ஊர் முழுவதற்கும் உரியது.

வீட்டில் உள்ள சாமான்களையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டுமென்பதில்லை. முதல் மாதம் பாத்திரம் துலக்குவதற்கு மாத்திரம் பூந்திக்கொட்டையையும் சாம்பலையும் உபயோகித்துப் பார்க்கவும். அம்மாதத்துச் செலவையும், துலக்கியவர் கையில் வெடிப்பும் அரிப்பும் குறைந்தனவா என்பதையும் குறித்துக்கொள்ளவும். பயன் கண்டபின் மற்ற வேலைகளுக்கும் விரிவாக்கலாம். புதிய விதையை ஒரு பாத்தியில் விதைத்துப் பார்த்தபின் வயல் முழுவதும் பயிரிடும் குடியானவருக்கு இம்முறை புதிதன்று.