மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிச்: இந்த அதிசயம் தெரியுமா?

மாத்தளையில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய பழைய மாடிவீடுகளில் படியின் அடியில் மட்டும் ஒரு சுவிச் இருப்பதுண்டு. விளக்கைப் போட்டு ஏறிவிடலாம். அணைக்க? திரும்ப இறங்கி, பிறகு இருட்டில் தடவிக்கொண்டு ஏற வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு ஆபத்து! தீர்வோ மூன்றே மூன்று முனைகளில் இருக்கிறது.

சாதாரண சுவிச்சுக்கு இரண்டு முனை. பள்ளிப் பாடத்தில் இருவழி ஆளி என்று படித்தோமே, கடையில் டூ-வே என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு மூன்று முனை. அதில் 'ஓஃப்' என்ற நிலையே கிடையாது, தெரியுமா? கொமன் முனையை எல்-1 உடனோ எல்-2 உடனோ எப்போதும் சேர்த்தே வைத்திருக்கும்!

இன்னொரு வியப்பு: இரண்டாவது சுவிச்சுக்காக, விளக்குக்குப் போகும் பழைய வயரைத் தொடவே வேண்டாம். கீழ்ச் சுவிச்சை எடுத்துவிட்டு டூ-வே போட்டு, பழைய இரண்டு வயர்களையும் எல்-1, எல்-2 முனைகளில் கொடுத்து, அங்கிருந்து மேலே இன்னொரு டூ-வேக்கு மூன்று வயர் இழுத்தால் போதும். கொமனுக்குக் கொமன், எல்-1க்கு எல்-1, எல்-2க்கு எல்-2. இரண்டு சுவிச்சும் வெவ்வேறு பக்கம் நின்றால் வெளிச்சம், ஒரே பக்கம் நின்றால் இருட்டு.

"வேறுபட்டால் ஆம், ஒன்றுபட்டால் இல்லை" என்ற இதே விதியில்தான் கணினி இரண்டு எண்களைக் கூட்டுகிறது! சுவிச்சுகளைக் கணிதமாக எழுதலாம் என்று 1937இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டிய குளோட் ஷனனுக்கு அப்போது வயது 21.

மூன்று மாடியா? நடுவில் நான்கு முனை கொண்ட இன்டர்மீடியட் சுவிச். அப்படி எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

மின்சாரம் பிறக்கும் ஓர் இடமும் மாத்தளைக்குப் பக்கத்தில்தான். பொல்கொல்லயில் மறித்த மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக மலையைக் கடந்து உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. 1976இலிருந்து!

அணைத்த எல்.ஈ.டி. மின்குமிழ் இரவில் மங்கலாக மினுங்குகிறதா? பேயல்ல! ஒட்டி ஓடும் வயர்களில் உயிருள்ள ஒன்று, தொடாமலே பக்கத்து வயருக்குச் சிறு மின்னோட்டத்தைக் கடத்துகிறது. விளக்கு அணைந்திருந்தாலும் இரண்டு சுவிச் பெட்டிக்குள்ளும் 230 வோல்ட் காத்திருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். தகுதி பெற்ற மின்வேலைக்காரரை அழைப்பதே நல்லது. ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று துணியாதீர்கள். ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

வேலை முடிந்தபின் மேல் சுவிச் ஒரு பக்கம் நின்றால் மட்டுமே கீழ்ச் சுவிச் வேலை செய்கிறதா? கொமன் வயர் முனை மாறி ஏறிவிட்டது! கொமன் இருக்கும் இடம் கம்பனிக்குக் கம்பனி மாறும்; சுவிச்சின் முதுகில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே திருகாணியை முறுக்கச் சொல்லுங்கள்.