முந்திரிக் கொட்டைக்குள் ஒரு மரம்

எல்லோருக்கும் முன்னதாகப் பேச வருகிறவனை "முந்திரிக் கொட்டை" என்று கேலி செய்வது நம் நாட்டு வழக்கம். பழத்துக்குள் அடங்கியிராமல் கொட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு பிறந்த சொல் அது. கேலிச் சொல்லாயினும் தாவர சாஸ்திரத்தின்படி அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. முந்திரியில் கொட்டைதான் மெய்யாகவே முந்திக்கொள்கிறது. பூ கருவுற்றதும் முதலில் வளர்வது கொட்டை. அது பெருத்த பின்னரே அதைத் தாங்கும் காம்பு பருத்துச் சாறேறி, மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுக்கிறது. ஆகவே, நாம் பழம் என்று சொல்வது பருத்த காம்பு; கொட்டை என்று ஒதுக்குவதே உண்மையான கனி. அந்தக் கனிக்குள் இருக்கும் பருப்போ, இன்னும் பிறவாத ஒரு மரம்.

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் காடாம்புலியூரைக் கடந்து செல்பவர் எவரும் இந்தப் பிறவாத மரங்களின் வியாபாரத்தைக் காணாமல் போக முடியாது. செம்மண் பூமி, அதில் முந்திரித் தோப்புகள், ஊருக்குள் கொட்டை உடைக்கும் கொட்டகைகள். தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த எண்ணெயோடு நாள்தோறும் போராடித்தான் நம் சகோதரிகள் பருப்பை எடுக்கிறார்கள். முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதியாகப் பிளந்ததற்கு வேறு விலை, துண்டுக்கு இன்னொரு விலை. பருப்பு பிளக்கும்போது அதன் முனையில் சிறிய முளை ஒன்று தென்படும்; சில சமயம் தனியே உதிர்ந்தும் விழும். அந்தச் சிறு முளையையும் அதைக் கவ்வி நிற்கும் இரண்டு பாதிகளையும் பற்றியே இன்று நாம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். ஏனெனில், இந்த வட்டாரத்துக் குடியானவர்களின் எதிர்காலம் அதனோடு நெருங்கிய சம்பந்தம் உடையது.

கருவும் அதன் கட்டுச்சோறும்

பூவின் சூல்முடியில் மகரந்தத் தூள் ஒன்று வந்து படிகிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்துக் கீழிறங்கிச் சூலை அடைகிறது. அந்தக் குழாயின் வழியே இரண்டு ஆண் அணுக்கள் வருகின்றன. ஒன்று முட்டை அணுவோடு கலந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடி, அந்தக் கருவுக்கு உணவாகும் சதையை உண்டாக்குகிறது. ஒரே பூவில் இரண்டு சேர்க்கை நடைபெறும் இந்த அதிசயத்தை ருஷ்ய விஞ்ஞானி நவாஷின் 1898-ல் கண்டு சொன்னார். பிள்ளை பிறக்கும்போதே அதற்குக் கட்டுச்சோறும் கூடவே பிறக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

இந்தக் கட்டுச்சோற்றை ஒவ்வொரு தாவரமும் ஒவ்வொரு விதமாகக் கையாளுகிறது. நெல்லில் அது கடைசிவரை மிஞ்சி நிற்கிறது. நாம் உண்ணும் சோறு அதுவே. கருவோ அரைவையில் தவிட்டோடு போய்விடுகிறது. தென்னையில் இளநீராகவும் வழுக்கையாகவும் இருந்து தேங்காயாக முற்றுவது அதுவே. தேங்காய் முளைவிடும்போது உள்ளே பஞ்சுபோல் வளரும் "தேங்காய்ப் பூ" என்பது பூவே அல்ல. கட்டுச்சோற்றை உறிஞ்சுவதற்காகக் கரு அனுப்பிய வித்திலை. முந்திரியோ வேறு வகை. விதை முற்றுவதற்குள் கரு அந்த உணவை ஏறக்குறைய முழுவதும் தின்று, தன் இரண்டு வித்திலைகளில் சேமித்துக்கொள்கிறது. பருப்பின் இரண்டு பாதிகள் அந்த வித்திலைகளே. முனையிலுள்ள முளையின் ஒரு பக்கம் வேராகும், மறுபக்கம் தண்டாகும். ஆகவே, முந்திரிப் பருப்பு தின்பவன் மரத்தின் கருவையே முழுமையாகத் தின்கிறான்.

பிராணிகளின் கதையும் இதற்குத் தூரமானதன்று. கருவுற்ற கோழி முட்டையின் மஞ்சளின் மேல் வெண்ணிறப் பொட்டு ஒன்று காணப்படும். குஞ்சு ஆவது அந்தப் பொட்டுத்தான். மஞ்சள் அதன் ஆகாரம். அடைவைத்த இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இருபத்தொன்றாம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து இந்த வளர்ச்சியை எழுதிவைத்தார். கோழிக் குஞ்சு காத்திருக்க முடியாது. சூடு குறைந்தால் மடிந்துபோகும். முந்திரிக் கருவோ, வெயிலில் உலர்த்திய கொட்டைக்குள் பல மாதம் உறங்கிக் கிடந்து, ஈரம் கண்டதும் விழித்தெழுகிறது. அதே மண்ணில் வளரும் பலாவின் விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது காய்ந்தால் உயிர் போய்விடும். சுளையிலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் ஊன்றியாக வேண்டும்.

தாயைப் போல பிள்ளையா?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம் பழமொழி. முந்திரி விஷயத்தில் இது பொய்த்துப்போகிறது. பூச்சிகள் பல மரங்களின் மகரந்தத்தைச் சுமந்து வருகின்றன. ஒரு மரத்தின் நூறு கொட்டைகளுக்கு நூறு விதமான பிறப்பு. நன்றாகக் காய்க்கும் மரத்தின் கொட்டையை ஊன்றினாலும், வரும் மரம் காய்க்கலாம், காய்க்காமலும் போகலாம். கொட்டை பெரிதாகலாம், சிறுத்தும் போகலாம். பலாவிலும் இப்படியே. ஒரே பழத்தின் சுளைகள் உடன்பிறப்புகளே யாயினும் ஒன்றுபோல் மற்றொன்று இராது.

இதில் விலக்கும் உண்டு. முந்திரிக்கு உறவான மாமரத்தில், மேற்குக் கரையின் சில ஜாதிகளில், ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் முளைக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை மகரந்தத்தின் உதவியின்றித் தாயின் திசுவிலிருந்தே நேராக உண்டானவை. ஆகையால் தாயையே ஒத்திருக்கும். முந்திரிக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அதனால்தான் மனிதன் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டான். கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல மரத்தின் இளங்குச்சியை அதில் செருகிக் கட்டுகிறார்கள். வேர் ஒரு மரத்தினுடையது, கிளை வேறு மரத்தினுடையது. கிளை தாய் மரத்தை அப்படியே ஒத்திருக்கும். மூன்றாம் ஆண்டு அளவிலேயே காய்க்கவும் தொடங்கும்.

புயலுக்குப் பின்

2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் "தானே" என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானம் ஓர் இரவில் தரைமட்டமாயிற்று. நெல் விழுந்தால் அடுத்த போகத்தில் எழலாம். மரம் விழுந்தால் ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே, மீண்டும் நட்டபோது விரைவில் பலன் தரும் ஒட்டுக் கன்றுகள் பெருமளவில் வந்ததில் வியப்பில்லை. அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடும் குடியானவனிடம் பழைய மரத்தின் பெருமை பேசுவது நியாயமுமாகாது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 1, வி.ஆர்.ஐ. 3 ஆகிய ரகங்கள் எங்கிருந்து வந்தன? பழைய தென்னாற்காடு ஜில்லாவின் கிராமங்களில் நின்ற நல்ல மரங்களிலிருந்து வந்தவை அவை. பெயர் தெரியாத ஒரு குடியானவன் ஊன்றிய கொட்டை. எந்த மகரந்தத்தால் உண்டாயிற்றென்று யாரும் அறியாத கரு. அதுவே இன்று ஆயிரமாயிரம் ஒட்டுக் கன்றுகளுக்கு மூலம். ஒட்டுக் கன்று நல்லதைப் பெருக்கும், புதியதைப் படைக்காது. படைக்கும் வேலை விதைக்குள்ளிருக்கும் கருவினுடையது.

எல்லா மரமும் ஒரே மரத்தின் கிளையாகிவிட்டால் ஒன்றின் பலவீனமும் எல்லாவற்றின் பலவீனமாகிவிடும். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த அயர்லாந்தில் ஏழைகள் ஏறக்குறைய ஒரே ஜாதி உருளைக் கிழங்கை, கிழங்கிலிருந்தே கிழங்காகப் பயிரிட்டு வந்தார்கள். 1845-ல் ஒரு நோய் புகுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்திலும், ஆட்சியாளரின் அலட்சியத்திலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். முந்திரிக்கும் தேயிலைக் கொசு, வேர் துளைக்கும் புழு முதலிய பகைகள் உண்டு. நாளை எந்தப் பகை எந்த ஜாதியைத் தாக்குமென்று இன்று யார் சொல்ல முடியும்?

நம்மவர் கண்ட வித்தை

கருவைப் பற்றிய இந்தச் சாஸ்திரம் மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதென்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஜெயப்பூரில் 1904-ல் பிறந்த பஞ்சானன் மகேசுவரி பூக்கும் தாவரங்களின் கருவியலைப் பற்றி 1950-ல் வெளியிட்ட நூலை உலகமே பாடநூலாகக் கொண்டது. டில்லி சர்வகலாசாலையில் அவர் வளர்த்த கூட்டத்தார் சூலைச் செடியிலிருந்து பிரித்துக் கண்ணாடிக் குழாயில் கருவுறச் செய்தார்கள். அதே சர்வகலாசாலையில் சிப்ரா குகாவும் எஸ். சி. மகேசுவரியும் 1964-ல், நம் வேலியோரத்து ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த செடி ஒன்றின் மகரந்தத்திலிருந்தே கருக்களை வளர்த்துக் காட்டினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பி. ஜி. எல். சுவாமி இக்கலையைப் பல மாணவர்களுக்குக் கற்பித்தார். நம் இளநீரும் இதில் பங்கு பெற்றது: 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், வேறு எதிலும் பிழைக்காத மிக இளைய ஊமத்தைக் கருக்கள் தேங்காய் நீரில் வளர்வதைக் கண்டார்கள்.

இத்தகைய அறிவு படித்த இடத்திலேயே தங்கிவிடலாகாது. முந்திரி நாட்டுப் பள்ளிகளில் வறுக்காத பருப்பு ஒன்றைப் பிளந்து காட்டினால் போதும். கரு இன்னதென்று குழந்தை ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொள்ளும். தோட்டை உடைக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டும்.

மற்றொரு காரியமும் அவசரமானது. புயலுக்குத் தப்பி நிற்கும் பழைய விதை மரங்களுள் நல்லவற்றை ஊர்தோறும் கண்டு குறிக்க வேண்டும். எது காற்றுக்கு நின்றது, எது வறட்சிக்குத் தாங்கியது, எது பூச்சிக்கு ஈடு கொடுத்தது என்பதைத் தோப்புக்காரர் அறிவார். அவரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். அவற்றின் குச்சிகள் விருத்தாசலத்துக்கும், 1986 முதல் முந்திரி ஆராய்ச்சி நடைபெறும் கர்நாடகத்துப் புத்தூருக்கும் போய்ச் சேர வேண்டும். பலா விதையை உலர்த்திப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. நிற்கும் மரமே அதன் களஞ்சியம். ஒட்டுக் கன்று நடுகிறவர்களும் தோப்பின் ஓரத்தில் நாலு கொட்டைகளை விதையாக ஊன்றி வரலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

காடாம்புலியூருக்குச் சிறிது தொலைவில் நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். லட்சோப லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நின்ற காடு அது. அதை எரித்து விளக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து ஒரு கன்றையும் முளைக்க வைக்க முடியாது. உயிருள்ள காடு இன்னும் நம் கையில், ஓர் உள்ளங்கையில் அடங்கும் கொட்டைக்குள், இருக்கிறது. அது முந்திக்கொண்டு நிற்கிறது, நாம் பிந்திவிடலாகாது.