சாலையில் எட்டடி, கடலில் பத்தொன்பதடி

அமெரிக்க நெடுஞ்சாலையில் தனி அனுமதி வாங்காமல் இழுத்துச் செல்லும் வண்டி 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது. எஃப்-27 என்ற பாய்மரப் படகு டிரெய்லரில் ஏறி நிற்கும்போது அதன் அகலம் 8 அடி 5 அங்குலம். தண்ணீரில் இறக்கி விரித்துவிட்டால் அதே படகு 19 அடி. நீளமோ 27 அடிதான். படுக்கையும் அடுப்பும் உள்ள படகு இது, பெருங்கடல்களையும் கடந்திருக்கிறது.

இதை வடிவமைத்தவர் நியூசிலாந்தில் பிறந்த இயான் ஃபாரியர். எஃப்-27 டிரைமரான் வகையைச் சேர்ந்தது. நடுவில் ஆட்கள் இருக்கும் உடல், இரு பக்கமும் மெலிந்த மிதவைகள். சாதாரணப் பாய்மரப் படகு கவிழாமல் இருக்க அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமக்கிறது. டிரைமரானுக்கு அந்தச் சுமை வேண்டாம். அதன் அகலமே அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. பாரம் குறைவதால் வேகம் கூடுகிறது. 1960-களில் கலிஃபோர்னியாவின் ஆர்தர் பைவர் ஒட்டுப்பலகையில் டிரைமரான் செய்யும் வரைபடங்களை விற்றார். வீட்டு முற்றங்களில் பலர் தாங்களே கட்டினார்கள். ஆனால் கடலில் காப்பாற்றும் அந்த அகலம் கரைக்கு வந்ததும் தொல்லையாகிவிடும். துறைமுகத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை.

1970-களில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது ஃபாரியர் இதற்கு விடை கண்டார். ஒவ்வொரு பக்கமும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு குறுக்குக் கைகள் மிதவையைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கைக்கும் கீழே, இரு முனையிலும் கீல் வைத்த ஒரு தாங்குகை. ஒரு கைக்கு ஒரு பெரிய போல்ட் வீதம் மொத்தம் நாலே போல்ட். அவற்றைக் கழற்றி அழுத்தினால் கை மேலே எழும்பும். மிதவை கீழிறங்கி உள்வாங்கி நடு உடலை ஒட்டி நிற்கும். படகு தண்ணீரில் மிதக்கும்போதே ஒரே ஆள் இதைச் செய்யலாம். மடங்கிய நிலையிலேயே எஞ்சினை ஓட்டிக் குறுகிய துறைக்குள் நுழையலாம்.

அந்தத் தாங்குகையைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். காற்று பாயை அழுத்தும்போது மறுபக்கத்து மிதவை நீரில் அமிழ்கிறது. நீரோ அதை மேலே தள்ளுகிறது. அந்த விசை குறுக்குக் கையை ஒடிக்கப் பார்க்கும். பழைய டிரைமரான்கள் பலவற்றில் அடியில் கம்பிவடம் கட்டி அதை இழுத்துப் பிடித்தார்கள். ஃபாரியரின் படகில் மடங்குவதற்கு வழிகாட்டும் அதே தாங்குகை, விரிந்தபின் அந்த வடத்தின் வேலையையும் செய்கிறது. மடக்கும் வசதிக்காகப் பலத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மடக்குப் பொருள்கள் பெரும்பாலும் மூட்டில்தான் பலவீனப்படும் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

டென்மார்க்கின் டிராகன்ஃபிளை படகுகள் வேறு வழியில் போகின்றன. அவற்றின் மிதவைகள் கிடைமட்டமாகவே பின்பக்கம் ஒடுங்கும். அகலம் குறையும், நீளம் கூடும். அதுவும் நல்ல வடிவமைப்புதான். சாலையில் இழுத்துப்போக ஃபாரியரின் வழியே எனக்கு மேலாகப் படுகிறது.

குறைகளும் உண்டு. ஈய எடை இல்லாததால், இது ஒருமுறை தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. மூழ்காமல் மிதக்கும், அவ்வளவுதான். நடு உடல் ஒடுக்கமானது. அதே நீளமுள்ள ஒற்றை உடல் படகின் விசாலத்தை உள்ளே எதிர்பார்க்க முடியாது. விலையும் அதிகம்.

ஃபாரியர் முதலில் வடிவமைத்த, டிரெய்லர்டிரை என்ற மடக்குப் படகுகளைத் தச்சு வேலை தெரிந்த சாதாரண மனிதர்கள் அவருடைய வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே கட்டினார்கள். எஃப்-27-ஓ 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் கோர்சேர் மரைன் தொழிற்சாலையில் வார்ப்பில் உருவாகி, நூற்றுக்கணக்கில் விற்றது. அந்த வெற்றிக்குப் பிறகும் ஃபாரியர் வீட்டில் கட்டுவோரைக் கைவிடவில்லை. புதிய படகுகளுக்கும் படிப்படியான விளக்கத்தோடு வரைபடங்களைத் தந்துகொண்டிருந்தார். கடைசி ஆண்டுகளில் எஃப்-22 என்ற சிறிய படகில் உழைத்து, 2017-இல் காலமானார். மடக்கு முறைக்கு அவர் பெற்ற முதல் காப்புரிமையின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அதை யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.